உதடு மடங்கிய ஏழு சீல்கள்

எங்கள் கடையில் உம்மா உட்காரும் ஸ்டூலுக்கு நேர் மேலே ஓர் ஆணி இருக்கிறது. அதில் நான்கு வருடமாக ஓர் ஆயில் சீல் தொங்கியது. உள்ளங்கை அகலத்துக்கு ஒரு கறுப்பு ரப்பர் வளையம். உட்பக்க உதடு வெளியே பிதுங்கி மடங்கியிருக்கும். வருகிறவர்கள் திருஷ்டிக்குக் கட்டியது என்று நினைத்துக்கொள்வார்கள். உம்மா ஆமென்றும் சொல்ல மாட்டாள், இல்லையென்றும் சொல்ல மாட்டாள்.

மும்பைக்குப் போகும் ரயில் பாதையில் தேஹு ரோடு ஸ்டேஷனில் இறங்கி, ஷேர் ஆட்டோக்கள் நிற்கும் வளைவைத் தாண்டினால் எங்கள் கடை. பேரிங், ஆயில் சீல் மட்டும்தான் விற்கிறோம். வண்டிக்குள் சுழலும் தண்டைச் சுற்றிப் பிடித்துக்கொண்டு எண்ணெய் வெளியே போகாமல் காப்பது ஆயில் சீல். உம்மாவின் பெயர் ரஹ்மத்துன்னிசா. கடையநல்லூரில் எட்டாவது வரை படித்தவள். வாப்பா இறந்து ஒன்பது வருடமாகிறது. நாற்பதாம் நாள் பாத்திஹா முடிந்த மறுநாள் கடையைத் திறந்து அந்த ஸ்டூலில் உட்கார்ந்தாள். அதற்கு முன் அவள் கடைக்குள் ஒரு தடவைகூட வந்ததில்லை. ஆங்கிலம் படிக்கத் தெரியாது. சீலில் அச்சிட்டிருக்கும் மூன்று எண்களை மட்டும் படிப்பாள்: உள்வட்டம், வெளிவட்டம், தடிமன். அந்த மூன்று எண்கள் போதும் என்பாள். என் பட்டச் சான்றிதழைக் கையில் கொடுத்தபோதும் அதில் எங்கே எண் இருக்கிறது என்றுதான் தேடினாள்.

இந்த வியாபாரத்தில் ஒரு வழக்கம் உண்டு. புது சீல் வாங்க வருகிறவர் பழையதைக் கழற்றி சாம்பிளாகக் கொண்டு வருவார். அளந்து பார்த்துப் புதியதைக் கொடுத்த பிறகு பழையது கல்லாவிலேயே கிடக்கும். மற்ற கடைகளில் அதைக் குப்பையில் போடுவார்கள். உம்மா மண்ணெண்ணெயில் கழுவி, வண்டிக்காரர் பெயர், வண்டி எண், போன் எண், தேதி எல்லாவற்றையும் ஒரு சீட்டில் எழுதிக் கட்டி, கம்பியில் கோத்து வைப்பாள். அரிதான அளவுகளை மும்பையிலிருந்து வரவழைக்க வேண்டும், வந்ததும் ஆளுக்குச் சொல்ல வேண்டும். அதற்காக ஆரம்பித்த பழக்கம் இது. போகப் போக அவளுக்குப் பழைய சீல்களைப் படிக்க வந்துவிட்டது. இது ஸ்க்ரூடிரைவரால் குத்தி ஏற்றியது, இது மணல் புகுந்தது, இது வெறுமனே வயசானது என்று சொல்லிவிடுவாள்.

ஜெகதீசனுக்கு நிக்டியில் கேரேஜ். பழைய ஜீப்புகளையும், ராணுவம் கழித்துவிட்டு ஏலத்தில் விடும் ஜோங்கா என்ற பெரிய ஜீப்புகளையும் வாங்கி, புதுசு போல் பளபளப்பாக்கி, ஹிஞ்சேவாடி சாஃப்ட்வேர்காரர்களுக்கு விற்பார். சீல் எங்களிடம்தான் எடுப்பார். நான்கு வருடத்துக்கு முன் அவர் செய்து கொடுத்த ஒரு ஜோங்காவில், முன் சக்கரங்களை இணைக்கும் ஆக்ஸிலில் சீல் கசிந்து, கியர் ஆயில் பிரேக் டிரம்முக்குள் இறங்கி, மலை இறக்கத்தில் பிரேக் பிடிக்காமல் போய்விட்டது. வண்டி ஒரு டீக்கடைச் சுவரில் மோதி நின்றது. யாருக்கும் பெரிய அடியில்லை.

மறுநாள் ஜெகதீசன் மூன்று பேரோடு கடைக்கு வந்தார். கல்லாவைச் சுற்றி வாடிக்கையாளர்கள் நின்றிருந்தார்கள்.

"ஏம்மா, டூப்ளிகேட் விக்கிறதுக்கு வேற எடம் கெடைக்கலியா உனக்கு? ஆளக் கொல்லப் பாத்தியே!"

சீலை வீசினார். அது உம்மாவின் டீ கிளாஸில் விழுந்து, டீ அவள் துப்பட்டாவில் தெறித்தது. அன்று மாலை ஜீப் வைத்திருப்பவர்களின் வாட்ஸப் குழுவில் எங்கள் கடைப் பலகையின் படம் வந்தது. கூடவே ஆங்கிலத்தில் நான்கு வரி. என்ன போட்டிருக்கிறான் என்று உம்மா கேட்டாள். நான் அப்போது கல்லூரி முதல் வருடம். ஒரு வார்த்தை குறைக்காமல் தமிழில் சொன்னேன். 'இந்தப் பெண் பணத்துக்காக உயிரை விற்பவள்' என்பதையும் சொன்னேன். அந்த ஒரு வரியை விட்டிருக்கலாமே என்று இன்றும் தோன்றுகிறது. வீட்டில் ஆங்கிலம் படித்தவள் நான் ஒருத்திதான். எதை உள்ளே விடுவது, எதை வெளியே நிறுத்துவது என்பது அன்று என் கையில்தான் இருந்தது.

உம்மா டீயிலிருந்து எடுத்த சீலைக் கழுவி, பில்லில் இருந்த வண்டி எண்ணைச் சீட்டில் எழுதிக் கட்டிவிட்டுப் பார்த்தாள். திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.

"இது கிழியலளா. தேயவுமில்ல. உள்ள இருந்து எதுவோ தள்ளியிருக்கு. சீல் மேல குத்தமில்ல."

"எது தள்ளுச்சி?"

"தெரியல. ஆனா தெரியும் ஒரு நாளைக்கி. இந்தக் கடையில, இதே எடத்துல நின்னு, அவன் வாயால சொல்லணும், ரஹ்மத்துன்னிசா சரக்கு சுத்தம்னு. அது வரைக்கும் இது இங்கனயே தொங்கட்டும்."

அவளுக்கு வேண்டியது அவ்வளவுதான். அதற்காக எவ்வளவு தூரம் போவாள் என்பது அப்போது எனக்குத் தெரியாது.

அடுத்த இரண்டரை வருடத்தில் அதே மாதிரி உதடு மடங்கிய சீல்கள் ஒவ்வொன்றாக வந்தன. கொண்டு வந்தவர்கள் வேறு வேறு மெக்கானிக்குகள். உம்மா ஒரே கேள்விதான் கேட்பாள்: வண்டி எந்த கேரேஜில் செய்தது? பதிலும் ஒன்றேதான் வந்தது. அவற்றை மட்டும் தனிக் கம்பியில் கோத்து ஆணிக்குக் கீழே மாட்டினாள்.

ஐந்தாவது சீல் வந்த நாளில் வண்டியும் கடை வாசலுக்கு வந்திருந்தது. எங்கே சொட்டுகிறது என்று பார்க்க நான் அடியில் குனிந்தேன். முன் ஆக்ஸில் முழுவதும் புது ஷூ மாதிரி கறுப்பு பெயின்ட் மின்னியது. ஆக்ஸிலின் முதுகில் விரல்நுனி அளவு ஒரு மூடி இருந்தது. பிரீதர் என்பார்கள். ஓட்டத்தில் உள்ளே காற்று சூடாகி விரியும்போது அது வெளியேறுகிற வழி. தொட்டால் லொடலொடவென்று ஆட வேண்டும். தொட்டேன், அசையவில்லை. நகத்தால் நெம்பினேன். மூடியையும் சேர்த்து மூன்று பூச்சு பெயின்ட் அடித்திருந்தார்கள்.

பெட்டிக்குள் காற்று அடைபட்டால் என்ன ஆகும் என்று கல்லூரியில் பரீட்சை எழுதியிருக்கிறேன். காலையில் இருபத்தைந்து டிகிரி, ஒரு மணி நேரம் மலை ஏறினால் தொண்ணூறு. பில் புத்தகத்தின் பின்னால் கணக்குப் போட்டேன். இந்த வகை சீல் அந்த அழுத்தத்துக்கென்று செய்யப்பட்டதில்லை. உதடு மடங்கத்தான் செய்யும். புதியது போட்டாலும் மடங்கும். அழகுக்காக வண்டி செய்கிறவர் மட்டுமே செய்யக்கூடிய தப்பு அது. ஓட்டுவதற்காகச் செய்கிறவன் ஆக்ஸிலுக்கு பெயின்ட் அடிக்கவே மாட்டான்.

உம்மாவிடம் சொன்னேன். குக்கரில் விசிலை அடைத்தால் ரப்பர் பிய்த்துக்கொண்டு வருமே, அதே மாதிரி என்றேன். வாப்பா போன பிறகு அவள் அப்படிச் சிரித்து நான் பார்த்ததில்லை. பிறகு சொன்னாள்:

"ஒருத்தன்ட்டயும் சொல்லாத."

"உம்மா, பிரேக்குல ஆயில் எறங்கும்..."

"எறங்கட்டும். ஒவ்வொரு சொட்டும் அவன் பேருல எறங்கட்டும். அவனே வந்து கேப்பான். அப்ப சொல்லுதேன்."

நான் சொல்லவில்லை. அந்த ஐந்தாவது வண்டி வாசலிலேயே நின்றிருந்தது. ஒரு பேனாக்கத்தி போதும், ஒரு நிமிட வேலை. செய்யவில்லை. பட்டம் வாங்கினேன், ஹிஞ்சேவாடியில் வேலை கிடைத்தது, கம்பெனி கேபில் போய் வந்தேன். போக்குவரத்தில் எங்களுக்கு முன்னால் ஏதாவது பழைய ஜீப் நின்றால் அதன் சக்கரத்துக்கு உட்புறம் எண்ணெய் ஈரம் தெரிகிறதா என்று பார்ப்பேன். பார்த்துவிட்டு போனை எடுத்துக் குனிந்துகொள்வேன்.

இப்படியே ஒன்றரை வருடம் போனது. கம்பியில் ஏழு சேர்ந்தன.

இந்த ஜனவரியில் ஹரீஷ் வந்தார். கோயம்புத்தூர்க்காரர், எங்கள் ஐ.டி. பார்க்கிலேயே வேலை. கையில் பிளாஸ்டிக் பையில் ஒரு சீல்.

"ஆன்ட்டி, இது உங்ககிட்ட மட்டுந்தான் கெடைக்கும்னாங்க. ஜோங்காவுதுங்க. மூணாவது செட்டு போட்டாச்சு, நிக்கவே மாட்டேங்குது. ஆக்ஸிலே வளைஞ்சு போச்சு, மாத்தியாகணும்னு கேரேஜ்ல சொல்லிட்டாங்க. வேற ஆக்ஸில் பங்கார்காரர்கிட்ட எடுத்து வெச்சுட்டனுங்க."

பங்கார்காரர் என்றால் இங்கே பழைய இரும்பு வாங்கி விற்பவர். உம்மா சீலைப் பார்த்தாள். மேலே தொங்கியதைப் பார்த்தாள்.

"வண்டி நம்பர் என்னப்பா?"

அவர் சொன்னார். ஆணியில் தொங்கிய சீலின் சீட்டில் இருந்த அதே எண். டீக்கடைச் சுவரில் மோதிய வண்டியைச் சரிசெய்து அவர் தலையில் கட்டியிருந்தார் ஜெகதீசன்.

"போன மாசம் தாம்ஹினி மலைல எறங்கறப்ப பிரேக்க மிதிச்சா வண்டி அப்படியே வலது பக்கம் இழுத்துட்டுப் போச்சுங்க. எதிர்ல பஸ்ஸு. சுப்ரஜா, என் வொய்ஃப், இன்னும் அந்த வண்டில ஏற மாட்டேங்கறா."

நான் பேரிங் டப்பாக்களை அடுக்குவதுபோல் திரும்பிக்கொண்டேன். உம்மாவின் குரல் மாறவே இல்லை.

"எங்க தம்பி வஹாப் பின்னால ஷெட்டு வச்சிருக்கான். அங்க மாத்திக்கிடலாம். சீல் நான் தாரேன். ரெண்டு கண்டிஷன். பழைய ஆக்ஸில் எனக்கு வேணும். வேல முடியிற அன்னைக்கி ஜெகதீசன நீங்க கூட்டிட்டு வரணும். சரியா மாட்டியிருக்கான்னு பாக்கச் சொல்லி கூப்பிடுங்க. என் பேரச் சொல்லாதீங்க."

வேலை மூன்று நாள் நடந்தது. லீவு போட்டுவிட்டு நானும் ஷெட்டில் இருந்தேன். வஹாப் மாமா வண்டியின் முன்பக்கத்தைத் தூக்கி ஸ்டாண்டில் நிறுத்தினார். சக்கரங்கள், பிரேக் குழாய், ஸ்டியரிங் கம்பி, என்ஜினிலிருந்து வரும் தண்டு எல்லாம் கழன்ற பிறகு, லீஃப் ஸ்பிரிங்கோடு ஆக்ஸிலைக் கட்டிப் பிடித்திருந்த யூ-போல்ட் நட்டுகளை நீளக் குழாய் செருகி உடைத்துத் திறந்தார். ஆக்ஸில் டிராலி ஜாக்கில் உட்கார்ந்து வெளியே உருண்டு வந்தது. இன்னும் மின்னிக்கொண்டுதான் இருந்தது.

"பாத்து எறக்குடா. பெயின்ட்ல கீறல் வுழக்கூடாது" என்றாள் உம்மா.

"லாத்தா, பங்கார்ல போற சாமானுக்கு இம்புட்டு மரியாதையா?"

"மாப்பிள்ளைய எறக்குற மாதிரி எறக்கு."

புதிதாக ஏற்ற வேண்டிய ஆக்ஸில் துருவும் சேறுமாக இருந்தது. அதன் இரு முனைகளிலும் தேங்காய் அளவில் ஓர் இரும்பு உருண்டை. சக்கரம் திரும்பும்போது ஒரு கிண்ணம் அந்த உருண்டையைத் தழுவித் திரும்பும். இரண்டுக்கும் நடுவே ஒரு பெரிய ரப்பர் வளையம், அதன் முதுகில் கம்பளி வளையம். உருண்டையில் துருக்குழி ஒன்று இருந்தாலும் ரப்பரை அறுத்துவிடும். மாமா எமரி தாளும் மண்ணெண்ணெயுமாக ஒரு பகல் முழுக்கத் தேய்த்தார். கம்பளி வளையங்களை உம்மா முந்தின நாளே எண்ணெயில் ஊறப்போட்டிருந்தாள். உள் சீலைச் சுத்தியலால் அடிக்க விடவில்லை. சரியான அளவுக் குழாய்த் துண்டை வைத்து, சுற்றிச் சுற்றித் தட்டி இறக்க வைத்தாள். கிண்ணத்தை மாட்டிய பிறகு, ஸ்பிரிங் தராசுக் கொக்கியைக் கோத்து இழுத்து, திரும்புவதற்கு எவ்வளவு பலம் வேண்டியிருக்கிறது என்று மாமா பார்த்தார். லூசாக இருந்தது. அடியிலிருந்த மெல்லிய தகடு ஒன்றை எடுத்துவிட்டு மறுபடி இறுக்கி இழுத்தார். மூன்றாவது தடவை தலையாட்டினார். கடைசியில் பிரீதர் மூடி. உம்மா அதைத் தானே கழற்றிக் கழுவி மாட்டி, காதருகே குனிந்து விரலால் ஆட்டிப் பார்த்தாள். பெயின்ட் அடிக்கவில்லை.

பிறகு பழைய ஆக்ஸிலின் பக்கம் போனாள். இரண்டு ஸ்டாண்டில் அதை வைக்கச் சொன்னாள். வலது முனையை அடைக்கச் சொன்னாள். இடது முனையில் புத்தம் புது சீல் போட்டு, தண்டையும் செருகி, எண்ணெய் ஊற்றும் துளையில் டியூப் வால்வு ஒன்றைப் பொருத்தச் சொன்னாள். வலது ஸ்டாண்டுக்கு அடியில் அவளே ஒரு செங்கல்லை வைத்தாள். எண்ணெய் இடது பக்கம் இறங்கி நின்றது.

"எதுக்கு லாத்தா செங்கல்?"

"அவன் அந்தப் பக்கந்தான் நிக்கப் போறான்."

சனிக்கிழமை பதினோரு மணிக்கு ஹரீஷோடு ஜெகதீசன் வந்தார். வெள்ளைச் சட்டை. உம்மாவைப் பார்த்ததும் நின்றுவிட்டார். ஷெட்டில் மாமாவுக்குத் தெரிந்த மெக்கானிக்குகள் நான்கைந்து பேர் இருந்தார்கள். உம்மாதான் சொல்லி வரவழைத்திருந்தாள்.

"வாங்க ஜெகதீசன். பழைய ஆக்ஸில் வளைஞ்சிருக்காமே. எங்க வளைஞ்சிருக்கு, காட்டுங்க. குனிஞ்சு பாருங்க, அந்தப் பக்கமா."

அத்தனை பேர் முன்னால் வேறு வழியில்லை. அவர் இடது முனையருகே குந்தினார்.

"ஷாஹீன், அடி" என்றாள் உம்மா.

அந்த வால்வில் மாட்டிய கால்பம்ப் என் காலடியில் இருந்தது. அடித்தேன். பத்து, பதினைந்து. "என்ன பண்றீங்க?" என்று அவர் தலையைத் திருப்பினார். அந்த நேரத்தில் சீலின் உதடு 'ப்ளக்' என்று மடங்கி, கெட்டியான பழைய கியர் ஆயில் அவர் கன்னத்திலும் காலரிலும் சட்டையிலும் பீய்ச்சி அடித்தது. அழுகின முட்டை நாற்றம் ஷெட் முழுக்கப் பரவியது. யாரோ சிரித்தார்கள். எனக்கும் நெஞ்சுக்குள் ஒரு குளிர்ச்சி இறங்கியது. அதை இல்லையென்று எழுத முடியாது.

உம்மா பேனாக்கத்தியை எடுத்து பிரீதர் மூடியைச் சுற்றியிருந்த பெயின்டைச் சுரண்டினாள். கறுப்புச் சுருள்கள் விழுந்தன. மூடி ஆடியது. மாமா இன்னொரு புது சீலைப் போட்டார்.

"இப்ப அடி."

இருபது அடித்தேன், நாற்பது அடித்தேன். மூடி வழியாக 'ஸ்ஸ்' என்று காற்று போனது. சீலில் ஒரு துளி இல்லை.

ஜெகதீசன் முகத்தைத் துடைக்கவில்லை. மூடியையே பார்த்துக்கொண்டிருந்தார். தொழில் தெரிந்தவர்தான், அவருக்கு விளக்க வேண்டியதில்லை.

"சொல்லுங்க" என்றாள் உம்மா.

"சீல் மேல தப்பில்லக்கா."

"அக்காவா? அன்னைக்கி 'ஏம்மா'ன்னீங்க. சத்தமா. கடையில வந்து."

கடைக்கு வந்தார். ஆணிக்கு நேர் கீழே நின்று சொன்னார். நான் படம் பிடித்தேன். அதே வாட்ஸப் குழுவில் அவர் போனிலிருந்தே போட வைத்தாள். முடிந்தது என்று நினைத்தேன்.

அப்போதுதான் அவர் கம்பியைப் பார்த்தார். அதில் வரிசையாக மடங்கிய உதடுகள். சீட்டுகளைப் புரட்டினார். எல்லாம் அவர் செய்த வண்டிகள், எல்லாவற்றிலும் தேதி.

"எத்தன நாளா தெரியும் ஒங்களுக்கு?"

"ஒன்றர வருஷமா."

"ஒரு போன் பண்ணியிருக்கலாமே. எனக்கு வேணாம், வண்டிக்காரங்களுக்கு. பிரேக்கு சமாச்சாரம் இது."

ஹரீஷ் உம்மாவைப் பார்த்தார். பிறகு என்னை. "உங்களுக்குமா தெரியும்?"

தலையாட்டினேன்.

"எதிர்ல பஸ்ஸு வந்துச்சுங்க" என்றார். அவ்வளவுதான். வண்டிச் சாவியை எடுத்துக்கொண்டு வெளியே போனார். அதன் பிறகு ஐ.டி. பார்க்கில் என்னைப் பார்த்தாலும் அவர் நிற்பதில்லை.

உம்மா அழுவாளோ என்று நினைத்தேன். ஸ்டூலை விட்டு இறங்கி, அதை ஜெகதீசன் பக்கம் தள்ளினாள்.

"ஒக்காருங்க. நான் சொல்லாதது தப்புதான். இப்ப நீங்க சொல்லுங்க. நம்பர் நான் வாசிக்கேன். ஸ்பீக்கர்ல போடுங்க. வண்டிய எடுக்காதீங்க, தப்பு என்னுதுன்னு ஒவ்வொருத்தன்ட்டயும் சொல்லணும்."

ஆணியிலிருந்து கம்பியை எடுத்தாள். ஒவ்வொரு சீட்டாக எண் வாசித்தாள். எண்ணெய்ச் சட்டையோடு உட்கார்ந்து அவர் ஒவ்வொருவரிடமும் பேசினார். ஒருவர் மராத்தியில் அவருடைய அம்மாவைத் திட்டினார். ஒருவர் பணத்தைத் திருப்பிக் கேட்டார். ஒருவர் நன்றி சொன்னார். அதுதான் ஜெகதீசனுக்கு எல்லாவற்றையும் விட வலித்தது போலிருந்தது. உம்மா கைகட்டிக் கேட்டுக்கொண்டிருந்தாள். ஆறு பேர் முடிந்தது.

ஏழாவது எண் அடித்துக்கொண்டே இருந்தது. எடுக்கவில்லை.

"திரும்பப் போடுங்க."

எடுக்கவில்லை. மூன்று தடவை, நான்கு தடவை. உம்மாவின் முகத்தில் முதல் தடவையாக ஒரு பயம் வந்ததை நான் பார்த்தேன். ஜெகதீசனின் முகத்திலும் அதே பயம்தான். அந்த ஒரு நிமிடம் இருவரும் ஒரே வீட்டுக்காரர்கள் போல இருந்தார்கள்.

மறுநாள் ஞாயிறு. சீட்டில் இருந்த பெயரை வைத்து விசாரித்து, நானும் மாமாவும் தளேகாவ் வரை போனோம். ஒரு பங்களாவின் பின்புறம் அந்த ஜீப் தார்பாயின் கீழ் நின்றிருந்தது. நான்கு டயர்களிலும் காற்றில்லை. சொந்தக்காரர் எட்டு மாதத்துக்கு முன்பே வெளிநாடு போய்விட்டாராம், அந்த எண் வீட்டு லேண்ட்லைன்தான், பூட்டிய ஹாலுக்குள் அடிக்கிறது என்றார் காவல்காரர். தார்பாய்க்கடியில் புகுந்து மாமா பெயின்டைச் சுரண்டிவிட்டு வந்தார்.

உம்மாவிடம் சொன்னேன். கண்ணை மூடி "அல்ஹம்துலில்லாஹ்" என்றாள். இரண்டு கையாலும் முகத்தைத் தடவிக்கொண்டாள். ஆணியிலிருந்த சீலைக் கழற்றிக் குப்பைக் கூடையில் போட்டாள். கம்பியிலிருந்து ஆறைக் கழற்றினாள். ஏழாவதை மட்டும் திரும்ப மாட்டினாள்.

"அவனுக்குச் சொல்லிறாத. போன் போட்டுக்கிட்டே கெடக்கட்டும்."

"எத்தன நாளைக்கி உம்மா?"

"ஒன்றர வருஷம்."

ஜெகதீசன் தினமும் காலையில் அந்த எண்ணுக்கு அடிக்கிறார். எடுத்தார்களா என்று எனக்கும் ஒரு மெசேஜ் போடுகிறார். இதை எழுதும் இன்றைக்கு இருபத்து மூன்றாவது நாள். பதில் சொல்ல ஒரு வரி போதும். டைப் செய்து, இரண்டு தடவை அழித்துவிட்டேன்.